முதல் பன்னிரண்டு அடி

மதினி போனில் ஹலோ சொல்லி நான் கேட்டதே இல்லை. பச்சையை அமுக்கிக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் பாதிப் பேச்சு முடிந்திருக்கும். "...அதைக் கழட்டி வையி, பத்து மணிக்கு வாரேன்" என்று வால் மட்டும்தான் காதில் விழும். எதைக் கழட்ட வேண்டும், இன்றைக்குப் பத்து மணியா நாளைக்கா என்று கேட்க வாயைத் திறந்தால் அந்தப் பக்கம் வைத்தாயிற்று. அப்புறம் அன்று முழுக்க, பட்டறையில் நிற்கிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, இதுவாக இருக்குமோ என்று ஸ்பேனரை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பேன்.

அப்போது நான் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டு மேலேயே டூவீலர் பட்டறை வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, பெயிலாகிவிடுவோம் என்ற பயத்தில் ரிசல்ட் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் நான். பாஸாகியிருந்தேன் என்பது, இரண்டு வருஷம் கழித்து எங்கள் கணக்கு வாத்தியார் பஞ்சர் ஒட்ட வந்தபோதுதான் தெரிந்தது. அப்படிப்பட்டவன் பட்டறைக்கு இப்படி ஒரு மதினி வாடிக்கை.

சொந்த மதினி இல்லை. எம்.ரெட்டியபட்டிக்கு உள்ளே தள்ளி, எங்கள் பெரியம்மா இருக்கிற ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். முறைக்கு மதினி. அந்த முறை ஒன்று போதுமே, என்னைக் கேலி பேச. ஐம்பது வயது இருக்கும். குள்ளம். இறுகின உடம்பு. சேலையைத் தூக்கிச் செருகி, மேலே அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அண்ணன் என்பது அவருடைய வீட்டுக்காரர். எங்கே பார்த்தாலும் மதினி முதலில் வருவார். "அண்ணன் வரலையா மதினி?" என்றால், "அவுக வந்துக்கிட்டு இருக்காக" என்பார். கால் மணி நேரம் கழித்து அண்ணன் வந்து சேர்வார், வேர்க்காமல்.

மதினிக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். மொத எடுப்பு. எந்தக் காரியமானாலும் நிற்கிற இடத்தில் இருந்து அது எப்படிக் கிளம்புகிறது என்பதை மட்டும் பார்ப்பார். கிளம்பின பிறகு எங்கே போகிறது, எப்போது போய்ச் சேர்கிறது என்பதெல்லாம் அடுத்தவர் பாடு.

எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். இதோ கிளம்பிவிட்டோம் என்பதுபோல உறுமிக்கொண்டு இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால் ஆட்டிக்கொண்டே ஆள் சேர்ப்பார்கள். மதினி ஒருநாள் சீட்டில் உட்கார்ந்து மூன்று ஆட்டம் பொறுத்துப் பார்த்தார். நாலாவது ஆட்டத்தில் எழுந்து டிரைவரிடம் போய், "ஏப்பா, எடுக்கப் போறியா, இல்ல தொட்டில் ஆட்டுறியா? பச்சப் பிள்ள எதும் தூங்குதா உள்ள?" என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்தார். அடுத்த ஊர் வரைக்கும் நடந்தார். அந்த பஸ் பின்னாலேயே வந்து கதவைத் திறந்து கூப்பிட்டும் ஏறவில்லை.

அவருடைய தம்பி மகளுக்கு பாலவனத்தத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, கார் ஓட்ட ஆள் இல்லை என்று என்னையும் கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளை நல்ல பையன். அடக்கமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் வேலை, சம்பளம் என்று விசாரித்துக்கொண்டிருக்க, மதினி அவனைப் பார்த்து, "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார். அவன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினான். ஒரு மூச்சு விட்டான். முன்னால் சாய்ந்து, திரும்பப் பின்னால் சாய்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அப்புறம் எழுந்தான். மதினி என் பக்கம் குனிந்து, "நியூட்ரல்ல கிடக்குடா" என்றார். சம்பந்தம் அதோடு சரி.

அடுத்த மாப்பிள்ளை, மதினி 'தண்' என்று சொல்லும்போதே செம்போடு வந்து நின்றான். அவனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அவன் கோபமும் அதே வேகத்தில்தான் வருகிறதாம் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மதினியிடம் யாரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த நாலு சக்கர பைக் வந்தது ஒரு ஆவணி மாதத்தில். மதினியின் தம்பி லாரி டிரைவர். மலை மேல் ஏதோ ஒரு ரிசார்ட்டை மூடிவிட்டார்களாம். அங்கே வருகிறவர்கள் மண்ணில் சுற்றி விளையாட வைத்திருந்த வண்டி, கொட்டகையில் சும்மா கிடக்கிறது என்று லோடோடு லோடாக ஏற்றிக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்துவிட்டார். குட்டி யானை வேனில் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் இறக்கினார்கள். பைக் மாதிரியே ஹேண்டில், கிளட்ச், சங்கிலி, ஏறி உட்காரும் சீட். ஆனால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு உப்பின டயர். வீங்கின தவளை ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"மதினி, இதுக்கு ஆர்.சி. புக் கிடையாது. ரோட்டுல ஓட்டக் கூடாது. போலீஸ் புடிச்சா வண்டி போயிரும், என் பட்டறையும் போயிரும்."

"ரோட்டுல எவன் ஓட்டப் போறான்? காட்டுல ஓட்டப் போறேன். ரோட்டக் கடக்கணும்னா ஆஃப் பண்ணித் தள்ளிக்கிட்டுப் போவேன். தள்ளிக்கிட்டுப் போனா அது வண்டி இல்லடா, சாமான்."

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் விஷயம்.

மதினிக்குக் கரிசலில் நாலு ஏக்கர், கண்மாய்க் கரையை ஒட்டி. அதற்குப் போகிற வண்டிப் பாதை அண்ணனுடைய பெரியப்பா மகன் நிலத்துக்குள் கூடிப் போகிறது. காலங்காலமாக எல்லோரும் போய்வந்த பாதை. சோலார்காரர்கள் வந்து நிலம் பார்த்துவிட்டுப் போன மறு மாதம், அந்தப் பெரியப்பா மகன் கல்லுக்கால் ஊன்றி, முள்கம்பி இழுத்து, பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். ஊரில் அதுமுதல் அவருக்கு வேலிக்காரர் என்று பெயர். இரண்டு நிலமும் ஒன்றாகக் கிடைத்தால்தான் குத்தகைக்கு எடுப்பார்கள் என்பது அவர் நினைப்பு. வாயால் கெட்ட வார்த்தை ஒன்று பேச மாட்டார். "கரை மேல நடந்து போய்ட்டு வாங்கம்மா, நான் வேண்டாம்னா சொல்லுதேன்?" என்பார். நடந்து போகலாம்தான். நாலு ஏக்கர் மக்காச்சோளத்தை நடந்து தூக்கிவர முடியாது. கரை குறுகல். டிராக்டர் ஏறாது.

அண்ணன் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினபோது, "இந்த வருசம் வெள்ளாமை வீடு வந்து சேந்தா நாங்க பாத்துக்கிறோம். சேரலைன்னா நிலத்த அண்ணன்கிட்டயே விட்டுர்றோம்" என்று வேலிக்காரரைக் காட்டி வார்த்தை கொடுத்துவிட்டு வந்தார்.

"வாழ்க்கையில ஒரு தடவதான் அவுகளுக்கு மொத எடுப்பு வந்துச்சு" என்றார் மதினி. "அதும் வாயில வந்துருச்சு."

ஆக, மக்காச்சோளக் கதிர் மூடையை இந்த வண்டியில் வைத்து இழுத்து, கண்மாய்க் கரையில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் கரை மேலேயே போய் ரோட்டில் நிற்கிற டிராக்டரில் மாற்றிவிடலாம். ஏறுவதுதான் பாடு. நான் போய் டேப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மடை வாய்க்கால், ஒரு பக்கம் செங்குத்தாகக் கரை. நடுவில் பன்னிரண்டு அடி. வேகமெடுத்து ஓடிவந்து ஏற இடமே இல்லை. நின்ற இடத்தில் இருந்து, மூடையோடு, மேலே.

எனக்கு அன்று ராத்திரி முழுக்க அதே யோசனை. காரணம் வண்டியின் குணம். அது பந்தயத்துக்குச் செய்த ஜாதி. மெதுவாகப் போகும்போது இழுவையே இருக்காது, தூங்கும். கீச்சென்று கத்துகிற அளவுக்கு முடுக்கினால்தான் முழித்துக்கொள்ளும். முழித்துவிட்டால் நிறுத்த முடியாது. மதினிக்கு வேண்டியது நேர் எதிர். அடியிலேயே இழுக்க வேண்டும். அதற்குமேல் ஓடாவிட்டாலும் போகிறது.

மலைத் தூசி அடைத்துக் கிடந்த கார்புரேட்டரைக் கழுவினேன். முன்னால் இருந்த பல்சக்கரத்தில் பதினாலு பல். அருப்புக்கோட்டையில் ஒரு லேத்தில் சொல்லிப் பன்னிரண்டு பல்லாகப் போட்டேன். பின்னால் இருப்பதைப் பெரிதாக்கினேன். சைக்கிளில் மேடு ஏறுகிறவனுக்கு எப்படியோ அப்படி. வேகம் குறையும், பலம் கூடும். மூடை வைக்க இரண்டு பழைய ஸ்கூட்டர் சக்கரத்தில் ஒரு சின்ன இழுவைத் தொட்டியும் அடித்துக்கொடுத்தேன்.

ஓட்டிப் பார்த்துக் காட்டச் சொன்னார் மதினி. பட்டறைக்குப் பின்னால் காலி இடம். அங்கேதான் எனக்கு அந்த வண்டியின் சூட்சுமம் தெரிந்தது. ஆக்சிலேட்டருக்குக் கைப்பிடியைத் திருகுகிற வேலை கிடையாது. வலது பெருவிரலுக்குக் கீழே லீவர் மாதிரி சின்ன நெம்பு ஒன்று இருக்கும், அதை அமுக்க வேண்டும். மனுஷன் பயந்தால் என்ன செய்வான்? கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பான். இறுக்கிப் பிடித்தால் பெருவிரலும் சேர்ந்து அமுங்கும். அமுங்கினால் வண்டி இன்னும் பாயும். பாய்ந்தால் இன்னும் பயம். நான் விறகுக்குக் காய்ந்த பருத்தி மாறு அடுக்கி வைத்திருந்த படப்புக்குள் போய் முழுசாக மறைந்தபோது, வெளியே மதினி அண்ணனிடம் சொல்வது கேட்டது.

"எடுப்பு இருக்கு."

மாறு குத்தின காயம் ஆறுவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பெருவிரல் நெம்புக்கு அடியில் ஒரு திருகாணி உண்டு. அதை உள்ளே திருகினால் நெம்பு பாதிக்கு மேல் அமுங்காது. மதினியிடம் சொல்லாமல் அதைத் திருகி வைத்தேன். அவருடைய உயிருக்காகத்தான். கொஞ்சம் என்னுடைய உயிருக்காகவும். ஏதாவது ஆகிவிட்டால் ஊர்க்காரர்கள் என்னிடம்தானே வருவார்கள்.

வண்டியை எடுத்துப்போகிற அன்று பூசை. சூடம் கொளுத்தி, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஊர் உலகத்தில் எல்லோரும் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் போவார்கள். மதினிக்கு அதில் தனிக் கணக்கு இருந்தது. முன் பழம் இரண்டும் நசுங்கலாம். பின் பழம் இரண்டும் நசுங்கக் கூடாது, பறக்கணும். பறந்தால்தான் வண்டியில் எடுப்பு இருக்கிறது என்று அர்த்தம். தன்னுடைய மொபெட்டுக்கே அப்படித்தான் பார்ப்பார், அது ஒருநாளும் பறக்கவிட்டதில்லை என்றாலும்.

ஏறி உட்கார்ந்தார். கிளட்சை விட்டார். நாலு பழமும் சப்பென்று நசுங்கின.

மதினி இறங்கிவந்து, பின்சக்கரத்தடியில் கிடந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஒண்ணும் பண்ணல மதினி."

"கொழுந்தனாரே."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகாணியை முழுக்க வெளியே விட்டேன். புதுப் பழம் வைத்தார்கள். இந்தத் தடவை பின்னால் இருந்த இரண்டும் துப்பாக்கிக் குண்டு மாதிரி போயின. ஒன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. இன்னொன்று பக்கத்துப் புரோட்டாக் கடைக் கல்லில் போய் விழுந்து துள்ளியது. மாஸ்டர் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "அக்கா, எலுமிச்சம்பழம் வந்துருச்சு. வெங்காயம் எப்ப அனுப்புவீக?" என்றார்.

மதினிக்கு முகம் நிறையச் சிரிப்பு. எனக்கோ அப்போதுதான் ஒன்று உறைத்தது. பழத்தைப் பின்னால் எறிகிற சக்கரம், ஈரக் கரிசலையும் அப்படித்தான் எறியும். எறிந்து எறிந்து தனக்குத்தானே குழி பறிக்குமே தவிர ஏறாது. இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து முடிப்பதற்குள் குட்டி யானை கிளம்பிவிட்டது. போனில் சொல்லலாம் என்றால், போனில் மதினி பேசுவார், கேட்க மாட்டார். சரி, கதிர் ஒடிக்கிறது தை மாதம், அப்போது மண் காய்ந்து கல்லாகக் கிடக்கும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே தினமும் வானத்தைப் பார்த்தேன்.

தை பாதியில் மழை பிடித்தது. பொங்கலுக்கு அப்புறம் எங்கள் சீமையில் யார் மழையை எதிர்பார்ப்பார்கள்? ஐப்பசியில் வா வா என்று கூப்பிட்டபோது வராத மழை. நசநசவென்று மூன்று நாள்.

நாலாம் நாள் காலை போன் வந்தது. "...கிளம்பி வா" என்ற வால்தான் கேட்டது. இந்தத் தடவை எதற்கு என்று எனக்கே தெரியும். காற்று பார்க்கிற மீட்டரையும் ஸ்பேனர் பையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒடித்த கதிரெல்லாம் வயலில் குவிந்து, மேலே தார்ப்பாய். நான் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கிடந்த கதிர்களில் மணி வீங்கி, வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு நாள், ஒன்றரை நாள். அதற்குள் வீடு போய்ச் சேராவிட்டால் குவியல் முழுக்கக் கறுத்துவிடும். வெள்ளாமையும் போகும், அண்ணன் கொடுத்த வார்த்தைப்படி நிலமும் போகும்.

கரையடியில் வண்டி பின்சக்கரம் இரண்டும் புதைந்து நின்றது. பக்கத்திலேயே அதே மாதிரி ஏழெட்டுக் குழி. மதினி தலை முதல் கால் வரை கரிசல். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை. அண்ணன் மண்வெட்டியோடு நின்றார். விடிந்ததில் இருந்து இதுதான் வேலையாம்.

"பாரு" என்று சொல்லிவிட்டு, நான் என்னவென்று கேட்பதற்குள் மதினி ஏறி அமுக்கினார். சேறு பின்னால் பனைமர உயரத்துக்குப் பறந்தது. அண்ணன் நகர நேரமில்லாமல் வாங்கிக்கொண்டார். மூடையின் கனம் பின்னால் இழுக்க, வண்டி முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நெட்டுக்குத்தாக நின்றது. மதினி பக்கவாட்டில் குதித்தார். வண்டி யோசித்துவிட்டு, நல்லவேளையாக முன்பக்கமே விழுந்தது.

நான் ஓடிப்போய் வண்டியை அணைத்தேன். அப்புறம் வாய் திறந்தேன்.

"மதினி... அந்த மொத எடுப்பு..."

"அதுக்கென்ன?"

"வேண்டாம்."

அண்ணன் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்னலே சொன்ன?"

"எடுப்பு உள்ள இருக்கணும் மதினி. வெளிய காட்டக் கூடாது. அடி இழுவை எதுக்குப் போட்டுக் குடுத்தேன்? அது இருந்தா கத்த வேண்டாம், சுத்த வேண்டாம், ஊந்துக்கிட்டே ஏறும். நீங்க அமுக்குற அமுக்குல சக்கரம் மண்ணைப் புடிக்கிறதுக்கு முன்னாடி சுத்திருது."

நான் ஒரு மூச்சில் அவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை. மதினி சீட்டைக் காட்டினார்.

"அப்ப நீ ஓட்டு."

நான் பேசியிருக்கவே கூடாது.

வண்டியைக் குழியில் இருந்து இழுத்துப் பின்னால் நிறுத்தி, டயர் நாலிலும் காற்றை இறக்கினேன். பணியாரம் மாதிரி தரையில் பரந்து உட்காரும் வரைக்கும் இறக்கினேன். பின்னால் மூடை இருக்கிறது, முன்பக்கம் எழும்பாமல் இருக்கக் கனம் வேண்டும். "கல்லு ஏதாச்சும் கட்டுவமா?" என்று அண்ணன் கேட்டு முடிப்பதற்குள் மதினி முன்னால் இருந்த இரும்புக் குழாய் மேல் ஏறி, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். கரைக்கு முதுகு. என் மூக்குக்கும் அவர் மூக்குக்கும் ஒரு முழம் இடைவெளி. இரண்டு கையாலும் ஹேண்டிலின் நடுவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் விழுந்தா உன் மேலதான் விழுவேன். எடு."

பெருவிரலை வைத்தேன். அமுக்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கிளட்சை ஒரு நூல் விட்டேன், இன்னொரு நூல் விட்டேன். வண்டி 'டுக் டுக் டுக்' என்றது. கத்தவில்லை. பன்னிரண்டு அடியையும் ஆமை மாதிரி கடந்து கரையில் மூக்கை வைத்தது.

"எங்கடா போகுது?"

"ஏறுது மதினி."

"ஏறுற மாதிரியே தெரியலயே."

"பின்னாடி திரும்பிப் பாக்காதீக!"

"போடேன் கொஞ்சம்!"

"மாட்டேன் மதினி!"

அவர் முகம் மேலே போகப் போக நான் அண்ணாந்து பார்க்கவேண்டி வந்தது. அண்ணன் பின்னால் தொட்டியில் கை வைத்துத் தள்ளினார், அல்லது பிடித்துக்கொண்டு வந்தார், எது என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் சக்கரம் வழுக்கப் பார்த்தது. பயத்தில் பெருவிரலை எடுத்துவிட்டேன். எடுத்ததுதான் நல்லது. மண்ணைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊர்ந்தது. திடீரென்று மதினி முகம் என் முகத்துக்கு நேராக இறங்கியது. கரை மேல் நின்றோம்.

மதினி திரும்பி ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சபாஷ், கிபாஷ் எதுவும் இல்லை. "அடுத்த மூடை" என்றார்.

சாயங்காலம் வரைக்கும் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு தடவையும் மதினி முன்னால் உட்கார்ந்து, இப்போது பேச்சில்லாமல், என் பெருவிரலையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். புழுவைப் பார்க்கிற கோழி மாதிரி. அடியில் முளைவிட்ட கொஞ்சம் போக, மிச்சக் கதிர் அத்தனையும் டிராக்டரில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தது.

கடைசி மூடை போன பிறகு, கரையடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தோம். வேலிக்குள் இருந்து ஒரு கனைப்புச் சத்தம். வேலிக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருக்குப் பின்னால், அவருடைய சொந்தப் பாதையில், அவருடைய சொந்த டிராக்டர் அச்சு வரைக்கும் கரிசலில் இறங்கி நின்றது. அதற்கும் பின்னால் அவருடைய கதிர்க் குவியல், மேலே தார்ப்பாய்.

"என்னம்மா, எல்லாம் நல்லபடியா..." என்று ஆரம்பித்தார். "நம்மதுலயும் அடிக் கதிரு லேசா முளை விட்ட மாதிரி..."

"சாவி இருக்கா மச்சான்?" என்றார் மதினி.

அவர் மடியில் இருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தார். பூட்டைத் திரும்பக் கொக்கியில் தொங்கவிடப் போனவரிடம் மதினி கையை நீட்டினார்.

"குடுங்க மச்சான். மழையில துருப்பிடிச்சிரும்."

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஏப்பா, தொட்டி திரும்ப இடம் பத்தாது, அந்தக் கேட்டக் கழட்டி ஓரமா வையி" என்று என்னிடம் சொன்னார். தொட்டி திரும்பத் தாராளமாக இடம் இருந்தது. நான் ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் நான் எதையும் கழற்றியதில்லை. வேலிக்காரர் வாயைத் திறந்து, தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்து, மூடிக்கொண்டார்.

அவருடைய மூடையைத் தொட்டியில் ஏற்றினோம். "மின்னாடி கனம் வேணும்" என்றார் மதினி. அண்ணன் ஒல்லி. நானும் ஒல்லி. அங்கே கனமான ஆள் என்று ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் அது தெரிந்திருந்தது. குடையோடு முன்குழாயில் ஏறி, மதினியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஆமாம், மதினியைத்தான். என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஓட்டுகிற சீட்டில் மதினியே ஏறிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால் வண்டி போய்க்கொண்டிருந்தது. 'டுக் டுக் டுக்' என்று, என்னைவிட மெதுவாக. கேட் இருந்த இடத்தைத் தாண்டி, பாதையைத் தாண்டி, ஊருக்குள் திரும்பி, டீக்கடை முன்னால். நாங்கள் பக்கத்தில் நடந்தே கூட வந்தோம். மழைக்கு ஒதுங்கி நின்ற அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். கிளாசோடு வந்தவர்களும் உண்டு. "மாமா, எந்தக் கோயிலு சப்பரம் இது?" என்று ஒருவன் கேட்டான். வேலிக்காரர் குடையைக் காது வரைக்கும் இறக்கினார். குடைக்குள் இருந்து குரல் வந்தது.

"ஏம்மா, கொஞ்சம் வேகமாத்தான் போயேன்."

மதினியிடம் அப்படிக் கேட்ட மனுஷரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"என்ன அவசரம் மச்சான்?" என்றார் மதினி. பெருவிரலை இன்னும் ஒரு நூல் தூக்கினார்.